ரெட்டியார்பாளையம் வட்டாரத்தின் களப்பள்ளிகள்

புதுச்சேரி நகரிலிருந்து வில்லியனூர் வழியாக விழுப்புரம் செல்லும் சாலையில், நகருக்கு மேற்கே அமைந்த ரெட்டியார்பாளையம் இன்று உழவர்கரை நகராட்சிக்குள் அடங்கிய, வீட்டுமனைகளும் கடைவரிசைகளும் நெருங்கிய புறநகர்ப் பகுதியாகும். 1880 மார்ச் 12ஆம் நாளைய ஆணை பிரெஞ்சிந்தியாவைக் கொம்யூன்களாக, அதாவது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் மேயரும் கொண்ட உள்ளாட்சி அலகுகளாக வகுத்தபோது, புதுச்சேரிப் பகுதிக்குப் புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என நான்கு கொம்யூன்கள் அமைந்தன. அவற்றுள் நகருக்கு வெளியே இருந்த மூன்றும் உழவையே பெரிதும் நம்பி வாழ்ந்த ஊர்ப்புறங்களாக நெடுங்காலம் நீடித்தன. இந்த உழவர்கரைப் பரப்பின் குரும்பாபேட்டில், ரெட்டியார்பாளையத்திலிருந்து எட்டிவிடும் தொலைவில், பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம் இயங்கி வருகிறது. 1974இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட, இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் அதுவே. பாடத்திட்டம் தராத தொழில்திறனை அறிவியல் மாணவர் எங்கே பெற்றார் என்று தேடுவோருக்கு இந்நிலையத்தின் வரலாறு எதிர்பாராத ஒரு விடையை வைத்திருக்கிறது. அத்திறனைக் கற்பிக்கும் முறை முதலில் பட்டதாரியை எண்ணி வகுக்கப்படவில்லை. பள்ளிப்படிப்பு குறைந்த உழவரையும் ஊர்ப்புற இளைஞரையும் எண்ணி வகுக்கப்பட்டது. பட்டதாரி அதே வாயில் வழியாகப் பின்னால் வந்து சேர்ந்தார்.

புதுச்சேரிக்கு அறிவியற்கல்வி புதிதன்று. பிரெஞ்சு அரசு 1823இல் இங்கு ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவியது. இந்திய விடுதலைக்கும் ஆட்சி மாற்றத்துக்கும் பின்னர் 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி என்றும், 1964இல் ஜிப்மர் என்றும் வடிவம் மாறி, கோரிமேட்டில் இன்று நிற்கும் பெரு நிறுவனத்தின் தொடக்கம் அப்பள்ளியே. 1826இல் தாவரவியல் பூங்காவும் உருவாயிற்று. அயல்நாட்டுச் செடிகளை இம்மண்ணுக்குப் பழக்கிப் பார்க்கும் இடமாக விளங்கிய அப்பூங்காவுடன், 1870இல் புதுச்சேரியிலேயே காலமான பெரொத்தே என்னும் தாவரவியலாளரின் பெயர் இணைந்திருக்கிறது. இவ்விரண்டில் மருத்துவப் பள்ளிக்கு ஒரு வசதி இருந்தது: நோயாளியின் கட்டில் அருகே நின்று கற்காமல் யாரும் மருத்துவராக முடியாது என்பதை மருத்துவக் கல்வி தொடக்கம் முதலே ஏற்றுக்கொண்டிருந்ததால், அங்கே தொழிற்பயிற்சி பாடத்துக்கு வெளியே நிற்கவில்லை. மற்ற அறிவியல் துறைகளுக்கு அத்தகைய ஏற்பாடு வாய்க்கவில்லை. வேதியியல் படித்தவர் ஆய்வுக்கூடத்துக் குடுவையோடும், தாவரவியல் படித்தவர் உலர்த்தி ஒட்டிய மாதிரியோடும் நின்றுவிடும் வழக்கம் நூறாண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது.

எல்லைக்கு அப்பால், ஆங்கிலேயர் ஆண்ட சென்னை மாகாணத்தில், வேளாண்மைக்கான பள்ளி 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கி, 1906இல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்தது. இந்தப் பரம்பரையிலிருந்தே 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எழுந்தது. சைதாப்பேட்டைக் காலத்திலேயே கல்விக்கும் கழனிக்கும் இடையிலான விலகல் வெளிப்பட்டுவிட்டது. இந்திய வேளாண்மையை ஆராய இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட வேதியியலாளர் வோல்க்கர், 1889 முதல் நாடெங்கும் பயணம் செய்து 1893இல் வெளியிட்ட அறிக்கையில், இந்திய உழவர் தம் தொழிலில் பல வகையில் பிரித்தானிய உழவருக்குக் குறைந்தவர் அல்லர் என்று பதிவு செய்தார். உழவருக்குப் பாடம் சொல்ல வந்த அறிவியலே உழவரிடம் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும் என்ற முடிவுக்கு இது இட்டுச் சென்றிருக்க வேண்டும். ஆனால் அம்முடிவைக் கல்வி அமைப்பு எட்ட இன்னும் எண்பது ஆண்டுகள் ஆயின.

அந்த இடைவெளியை அரசு கவனிக்கும்படி செய்தது 1960களின் பசுமைப் புரட்சி. 1960இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தொடங்கியதும், ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால நெல் இரகங்களும் ஐ.ஆர்.8 போன்ற உயர் விளைச்சல் இரகங்களும் அடுத்தடுத்துப் பரவின. பழைய இரகங்கள் உழவரின் தலைமுறை அனுபவத்துக்குப் பழகியவை. புதியவையோ உரத்தின் அளவு, இடும் நாள், பூச்சிமருந்தின் கலவை விகிதம் ஆகியவற்றில் துல்லியத்தைக் கேட்டவை. விதை கைக்கு வந்துவிட்டது, அதைக் கையாளும் திறன் வரவில்லை என்ற நிலையில், தௌலத் சிங் கோத்தாரி தலைமையில் 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கல்வி ஆணையம், வேளாண்மையிலும் அதைச் சார்ந்த தொழில்களிலும் பள்ளியிறுதித் தேர்வுக்கு முன்னும் பின்னும் தொழிற்பயிற்சி தரும் தனி நிறுவனங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்து, அவற்றை வேளாண் பல்தொழில் பயிலகங்கள் என்று அழைக்கலாம் என்றது. இப்பரிந்துரை கல்வி அமைச்சகம், வேளாண் அமைச்சகம், திட்டக்குழு, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் ஆகியவற்றுக்கிடையே 1972 வரை விவாதத்திலேயே சுற்றிவந்தது. 1973இல் அக்கழகம் மோகன் சிங் மேத்தா தலைமையில் ஒரு குழுவை அமைத்த பிறகே உருவம் தெளிந்தது.

மேத்தாவின் பின்னணியைக் கவனிக்காமல் இந்நிலையங்களின் இயல்பைப் புரிந்துகொள்வது கடினம். அவர் வேளாண் அறிவியலாளர் அல்லர். 1931இல் உதயப்பூரில் வித்யா பவன் என்னும் பள்ளியை நிறுவியவர், தூதராகவும் ராஜஸ்தான் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பணியாற்றியவர், ஊர்ப்புறப் பணிக்காக சேவா மந்திர் அமைப்பை உருவாக்கியவர். பல்கலைக்கழகத்தை உள்ளிருந்து நடத்திப் பார்த்த ஒருவர் பல்கலைக்கழகத்தின் சாயலே இல்லாத ஒரு கல்விக்கூடத்தை வரைந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. உற்பத்தியைப் பெருக்குவதே முதல் நோக்கம், வேலை அனுபவமே கற்பிக்கும் வழி, நலிந்த பிரிவினருக்கே முன்னுரிமை என்ற மூன்று அடிப்படைகளில் அத்திட்டம் நின்றது. எல்லா நிலையங்களுக்கும் பொதுவான பாடத்திட்டம் கிடையாது. அந்தந்த வட்டாரத்தின் மண், நீர், பயிர், மக்களின் தேவை ஆகியவற்றை ஆய்ந்து பயிற்சியை வகுக்க வேண்டும். பட்டமோ பட்டயமோ தரப்படாது. இந்த இறுதி விதி மேலோட்டமாகப் பார்க்கச் சிறியதாகத் தோன்றினும் முழு அமைப்பின் உயிர்நிலை அதுவே: சான்றிதழுக்காக வருபவரை விலக்கிவிட்டால் திறனுக்காக வருபவர் மட்டுமே எஞ்சுவர் என்ற கணக்கு அதற்குள் இருந்தது.

1974 மார்ச் 21 அன்று, முன்னோடி முயற்சியாக, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தில் புதுச்சேரியில் முதல் நிலையம் திறக்கப்பட்டது. அப்பல்கலைக்கழகத்துக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்து பன்னிரண்டு ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. பின்னர் இந்நிலையம் பல்கலைக்கழகத்திடமிருந்து புதுச்சேரி அரசின் பொறுப்புக்கு மாறியது. ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் 1976-77இல் மேலும் 18 நிலையங்களுக்குத் திட்டக்குழு ஒப்புதல் அளித்தது. கொச்சியை அடுத்த ஞாறக்கலில் மீன்வளத்துக்கும், கர்னாலில் பால்வளத்துக்கும் நிலையங்கள் தோன்றின. இன்று நாட்டில் 730க்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன.

அங்கே கற்பிக்கப்பட்டவை எத்தகையவை என்பதற்கு மண் மாதிரி எடுத்தலை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மண்ணிலுள்ள தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றை அளக்கும் வேதியியல் முறைகள் எந்த இளநிலை மாணவருக்கும் பாடமாக உண்டு. ஆனால் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேரும் அரைக் கிலோ மண், ஓர் ஏக்கர் நிலத்தை உண்மையாகக் காட்டுகிறதா என்பதை எந்த வினைப்பொருளும் சொல்லிவிடாது. வரப்போரம், மர நிழல், எருக்குவித்த இடம், வாய்க்காலோரம் ஆகியவற்றை விலக்க வேண்டும்; வயலின் குறுக்கும் நெடுக்குமாகப் பல இடங்களில் மேற்பரப்புச் சருகை அகற்றி, ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் குழி வெட்ட வேண்டும்; நெல்லுக்கு 15 சென்டிமீட்டர் ஆழம் போதும், கரும்புக்கும் மரவள்ளிக்கும் அதைவிட ஆழமாகப் போக வேண்டும்; குழியின் பக்கச்சுவரில் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பங்குகளை நீக்கிக்கொண்டே வந்து, அரைக் கிலோவாகச் சுருக்க வேண்டும். கால்பங்கீட்டு முறை எனப்படும் இது புள்ளியியலின் மாதிரியெடுப்புக் கோட்பாட்டைக் கையால் செய்து காட்டுவதேயன்றி வேறில்லை; இருப்பினும் புள்ளியியல் தாளில் முழு மதிப்பெண் பெற்றவரும் மண்வெட்டியை முதன்முறை பிடிக்கும்போது வரப்போரத்திலேயே குழி வெட்டுவார். காளான் படுக்கை கட்டுதல், ஒட்டுக்கட்டுதல், பதியம் போடுதல், கைத்தெளிப்பானின் கூம்பை மாற்றித் தெளிப்பின் அளவைச் சீராக்குதல் ஆகியன யாவும் இவ்வகையைச் சேர்ந்தவை.

கற்பிப்பவர் யார் என்ற கேள்வியிலேயே அமைப்பின் முதல் நெருக்கடி பிறந்தது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு தலைவரும், பயிரியல், தோட்டக்கலை, பயிர்ப்பாதுகாப்பு, மனையியல், கால்நடை போன்ற துறைகளிலிருந்து ஆறு பாட வல்லுநர்களும் என்ற அமைப்பு நிலைபெற்றது. பாட வல்லுநர் என்போர் முதுநிலைப் பட்டம் பெற்ற அறிவியலாளர். செய்து காட்டிக் கற்பிக்க வேண்டிய இவர்கள் வளர்ந்ததோ கேட்டு எழுதிக் கற்ற வகுப்பறைகளில். எனவே இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் தன் ஆராய்ச்சி நிறுவனங்களில் பயிற்றுநர் பயிற்சி நிலையங்கள் என்ற மற்றொரு வரிசையை உருவாக்க நேர்ந்தது. உழவருக்காக எழுப்பிய பள்ளிக்கு ஆசிரியரைத் தயார் செய்யவே பட்டதாரிக்குத் தனிப்பள்ளி தேவைப்பட்டது என்பது, அந்நாளைய உயர்கல்வியைப் பற்றி எந்த ஆய்வறிக்கையும் சொன்னதைவிடத் தெளிவாகச் சொன்ன உண்மை. அறிவியல் பட்டதாரிகளின் தொழில்திறன் குறைபாடு அரசு ஆவணங்களில் ஒரு சிக்கலாக இடம்பெறுவதற்கு நெடுங்காலம் முன்பே, இந்த நிர்வாக ஏற்பாட்டில் அது மறைமுகமாக ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது.

இதே காலத்தில் புதுச்சேரியின் பிற நிறுவனங்களிலும் இதையொத்த கல்வி நடந்துகொண்டிருந்தது. 1955இல் திறக்கப்பட்ட பிரெஞ்சு நிறுவனத்தை இந்தியவியல் ஆய்வுக்காகவே பலரும் அறிவர். ஆனால் அதன் அறிவியல் பிரிவு, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஒத்துழைப்போடு, பத்து இலட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் தென்னிந்தியத் தாவரப் போர்வையின் நிலப்படங்களை வரையத் தொடங்கி, கன்னியாகுமரிப் படத்தை 1961இல் வெளியிட்டது. அங்கே பணியாற்றிய ழான் பியேர் பஸ்காலும் பி. ஆர். ரமேஷும் 1987இல் வெளியிட்ட, மேற்குத் தொடர்ச்சி மலைப் பசுமைமாறாக் காடுகளின் மரங்களையும் கொடிகளையும் அடையாளம் காணும் கையேடு இங்கு தனிக்கவனம் பெறத்தக்கது. கல்லூரித் தாவரவியல் மரத்தை இனம்காணக் கற்பித்தது பூவைக் கொண்டு. இதழ், மகரந்தத்தாள், சூலகம் என்று எண்ணிக் குடும்பத்தைக் கண்டறிவதே அதன் வழி. முப்பது மீட்டர் உயரத்தில், ஆண்டில் சில வாரங்கள் மட்டும் பூக்கும் மரத்தின் அடியில் நிற்பவருக்கு அவ்வழி உதவாது. ஆகையால் அக்கையேடு பட்டையின் தன்மை, கீறினால் வடியும் பாலின் நிறம், இலையடுக்கு, இலை நரம்பு, அடிவேரின் தாங்குகட்டு போன்ற, காட்டில் நிற்பவரின் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் அடையாளங்களைக் கொண்டு வகுக்கப்பட்டது. மலைவாழ் மக்களும் மரம் வெட்டுவோரும் காலங்காலமாக மரத்தை அறிந்த வழியும் ஏறத்தாழ இதுவே. குரும்பாபேட்டின் மண்வெட்டிக்கும் இந்தக் கையேட்டுக்கும் நேரடி உறவு எதுவும் இல்லை. எனினும் இரண்டும் பாடநூல் பேசாது விட்ட ஒரே இடத்தில் நின்று பேசியவை.

ஜிப்மர் வளாகத்தை அடுத்த இந்திரா நகரில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975இல் தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் கதை இன்னும் நேரடியானது. நோய்க்கடத்தி என்பது நோய்க்கிருமியை ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கொண்டு சேர்க்கும் உயிரி. புதுச்சேரியில் அது யானைக்கால் நோய்ப் புழுவைச் சுமந்த கியூலெக்ஸ் கொசு. பி. கே. ராஜகோபாலன் தலைமையில் அம்மையம் 1981 முதல் 1985 வரை நகரில் நடத்திய ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டுத் திட்டம், மருந்து தெளிப்பை மட்டும் நம்பாமல், சாக்கடைகளையும் கழிவுக்குட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்து, கொசு பெருகும் இடங்களையே ஒழிக்க முயன்றது. விலங்கியல் படித்துவிட்டு அங்கே பணிக்கு வந்தவர்கள் கற்க வேண்டியிருந்தவை பல: நுண்புழுக்கள் இரவில்தான் வெளிப்புற இரத்தத்தில் திரளும் என்பதால் இரவு நேரத்தில் வீடுவீடாகச் சென்று மக்களின் இசைவோடு ஒரு துளி இரத்தம் எடுத்தல், வாயால் உறிஞ்சும் கண்ணாடிக் குழாயைக் கொண்டு சுவரில் அமர்ந்த கொசுவைச் சிதையாமல் பிடித்தல், ஒருவர் ஒரு மணி நேரத்தில் பிடிக்கும் எண்ணிக்கையைக் கொசு அடர்த்தியின் அளவுகோலாக்குதல், பிடித்த கொசுவை நுண்ணோக்கியின் கீழ் ஊசிமுனையால் பிரித்து அதன் மார்புத் தசையில் புழு வளர்ந்திருக்கிறதா என்று பார்த்தல். கடலோர ஊர்களில், சவுக்குக் கன்றுகளுக்கு நீர் ஊற்ற மணலில் தோண்டிய குழிகளே மலேரியாக் கொசுவின் பிறப்பிடம் என்பதை இம்மைய ஆய்வாளர்கள் கண்டறிந்ததற்கும், பூச்சியியல் அறிவுக்கு இணையாக, சவுக்குத் தோப்புக்காரரோடு அமர்ந்து பேசும் பழக்கம் தேவைப்பட்டது. ராஜகோபாலனுக்கு 1990இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆயினும் இவையெல்லாம் பட்டம் பெற்ற பின் வேலையில் சேர்ந்தவர் பெற்ற பயிற்சிகள். படிக்கும் மாணவரைப் பட்டத்துக்கு முன்பே களத்துக்கு அனுப்பும் ஏற்பாடு வேளாண் கல்வியிலேயே உறுதிப்பட்டது. 1992இல் ரந்தாவா குழு, இளநிலை வேளாண் மாணவர் இறுதியாண்டில் ஊரில் தங்கி உழவரோடு பணிபுரியும் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தைப் பரிந்துரைத்தது. மாணவர் குழுக்களாகப் பிரிந்து, ஓர் ஊரை ஏற்றுக்கொண்டு, அங்குள்ள உழவர் ஒருவரைப் புரவலராகக் கொண்டு, விதைநேர்த்தி முதல் விற்பனை வரை உடனிருந்து கற்பர். பங்கேற்பு ஊரக மதிப்பீடு எனப்படும் முறைப்படி, ஊர்மக்களையே கொண்டு தரையில் ஊர்ப்படம் வரையச் செய்து, எந்த மாதத்தில் வேலை, எந்த மாதத்தில் கடன், எந்த மாதத்தில் நோய் என்ற பருவக் குறிப்பைத் தொகுப்பர். புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் வேளாண் கல்லூரி, 1987இல் தொடங்கப்பட்ட பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி, காரைக்காலில் இருப்பதால் அதன் மாணவருக்குக் காவிரிக் கடைமடை ஊர்களே பள்ளிக்கூடம். குரும்பாபேட்டிலோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அண்மையிலேயே 1994இல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று எழுந்தது. மருத்துவக் கல்வியைப் போன்றே உள்ளுறைப் பயிற்சியைப் பட்டத்தின் பகுதியாகக் கொண்ட அப்படிப்பால், உழவர்கரைப் பரப்பு மீண்டும் மாணவரின் களமாயிற்று. 2015 ஜூலை 25 அன்று பாட்னாவில் பிரதமர் அறிமுகப்படுத்திய ‘ஸ்டூடண்ட் ரெடி’ திட்டம், ஊரகப் பணி அனுபவம், தொழிற்கூடப் பயிற்சி, அனுபவவழிக் கற்றல், செய்முறைத் திறன், மாணவர் ஆய்வு ஆகிய ஐந்தையும் ஒரே தொகுப்பாக்கி வேளாண் பட்டப்படிப்பில் கட்டாயமாக்க வழிசெய்தது.

இந்த வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. மேத்தா குழு விலக்கி வைத்த மதிப்பெண்ணும் பருவத் தேர்வும் பதிவேடும் மாணவரோடு சேர்ந்தே களத்துக்குள் நுழைந்தன. ஒவ்வொரு நாளின் வேலையையும் எழுதி, ஒளிப்படம் இணைத்து, வழிகாட்டியிடம் ஒப்பம் பெற வேண்டிய நிலையில், நாற்று நடுவதைவிட நாற்று நடும் படத்தை எடுப்பது முந்திக்கொள்ளும் இடர் எப்போதும் உண்டு. தமிழ்நாட்டு நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் வேளாண் மாணவரின் செயல்விளக்கச் செய்திகள் வாடிக்கையாக வருவதும் இதன் ஒரு பக்கவிளைவே. ஆனாலும் அச்சிறுசெய்திகளை எள்ளுவது நேர்மையாகாது. இருபது வயது நகரத்து மாணவர் ஒருவர், தம்மைவிட நன்கறிந்த கூட்டத்தின் முன் நின்று விதைநேர்த்தியை விளக்கி, அவர்களின் குறுக்குக் கேள்விகளுக்கு விடை சொல்லத் திணறுவதே அவர் நான்காண்டுகளில் எழுதிய தேர்வுகளுள் கடினமானதாக இருக்கக்கூடும்.

இயற்பியல், வேதியியல், தாவரவியல் போன்ற தனி அறிவியல் படிப்புகளின் நிலை வேறு. லாசுப்பேட்டையில் 1961இல் தொடங்கிய தாகூர் கலைக் கல்லூரி முதலாகப் புதுச்சேரியின் கலை, அறிவியல் கல்லூரிகளில் பயின்ற மாணவர் எண்ணிக்கையில் அதிகம். அவர்களுக்குரிய களம் எது என்பதை எந்தக் குழுவும் இத்தனைத் தெளிவாக வரையறுக்கவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 1994-95இல் பட்டப்படிப்பில் தொழிற்பாடங்களைச் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. உயிரித் தொழில்நுட்பத் துறை 2008இல் நட்சத்திரக் கல்லூரித் திட்டத்தின் வழியாக ஆய்வுக்கூடப் பயிற்சியை வலுப்படுத்த நிதி அளித்தது. தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கணினித்திறன், மொழித்திறன், தொழில்துறைப் பயிற்சி ஆகியவற்றைக் கல்லூரிகளுக்குள் கொண்டுவந்தது. இவற்றுள் பெரும்பாலானவை நாடு முழுவதற்குமோ மாநிலம் முழுவதற்குமோ ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. வட்டாரத்தைப் பார்த்துப் பயிற்சியை வகு என்று 1974இல் எழுதப்பட்ட விதியை அவை பின்பற்றியிருந்தால், ரெட்டியார்பாளையத்து வீட்டிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் வேதியியல் மாணவருக்குத் தம் தெருவின் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் உப்பு ஏறியிருப்பதை அளப்பதும், அளந்ததை நகராட்சிக்கு விளங்கும் மொழியில் எழுதுவதுமே முதற்பயிற்சியாக அமைந்திருக்கும். உழவர்கரையின் வயல்கள் மனைகளாகிவிட்ட பின்னும், அங்கே அறிவியல் பயில்வோருக்குக் களம் இல்லாமல் போகவில்லை. குழாய் நீரும் கழிவுநீர்க் கால்வாயும் கொசுவும் வயல் இருந்த அதே பரப்பில்தான் இருக்கின்றன.